வழிநடைப் பாத்தியம்

ஒரு பெண்ணுக்குத் தன் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லிவருகிறேன். இன்றும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அப்படி ஒரு தாழை என் காசில் வாங்கி, ஆள் வைத்துப் பொருத்தி, நானே பூட்டியபோது அது யாரை வெளியே நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நீலகிரியில், கோத்தகிரிக்குப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் வீடு வாங்கினேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, தகரக் கூரை, சுற்றி இருபது சென்ட் நிலம். கட்டியது ஒரு படகர் குடும்பம். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது பிள்ளைகள் கோயம்புத்தூருக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். பெரியவர் இறந்ததும் வீடு விலைக்கு வந்தது. மலையிலேயே உள்ள ஒரு கல்லூரிக்கு எனக்கு மாற்றல் கிடைத்திருந்தது. சேமிப்பு, வங்கிக் கடன், விவாகரத்துக்குப் பிறகு திரும்பி வந்த நகை எல்லாவற்றையும் சேர்த்துப் பத்திரம் பதிந்தேன். ‘இன்னாரின் மகள்’ என்று எழுத அப்பாவின் பெயரைக் கேட்டார்கள். அதைத் தவிர வாங்குபவர் பக்கத்தில் வேறு ஆண் பெயர் இல்லை.

என் அம்மாவிடம் வீட்டுச் சாவி இருந்ததில்லை. பீரோ சாவி அம்மாவின் இடுப்பில்தான் தொங்கியது. பீரோவில் இருந்த எதுவும் அம்மாவுடையதல்ல. இல்லாள் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் ஆண்பால் போலத் தோன்றும் இல்லான் என்பதற்கு ஏழை என்று பொருள் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள். வேர் வேறு என்றாலும் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. வீடு அவளுடையது என்று சொல் சொல்கிறது; பட்டா சொல்வதில்லை.

1929ஆம் ஆண்டை மாணவிகளிடம் அடிக்கடி குறிப்பிடுவேன். அந்த ஆண்டு செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1989இல். இடையில் அறுபது ஆண்டுகள். அதே 1929இல்தான் லண்டனில் வர்ஜீனியா வுல்ஃபின் நூல் வந்தது. எழுத நினைக்கும் பெண்ணுக்குத் தனி அறையும் சொந்த வருமானமும் வேண்டும் என்ற அதன் வாதம் எல்லோருக்கும் தெரியும். அந்த நூலில் பேசும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு எப்படி வந்தது என்பது பலருக்கு நினைவிருக்காது. ஓர் அத்தை எழுதிவைத்த சொத்து அது. அத்தை இறந்தது பம்பாயில், குதிரையிலிருந்து விழுந்து. வகுப்பில் எத்தனையோ முறை அந்த இடத்தைத் தாண்டிப்போயிருக்கிறேன். காற்று வாங்க ஓர் ஆங்கிலப் பெண் பம்பாயில் குதிரையேறிய காலத்தில், அந்தக் குதிரைக்குப் புல் வெட்டிப் போட்டது யார் என்று நூல் கேட்பதில்லை. மலைக்கு வரும்வரை நானும் கேட்டதில்லை.

*

முதல் மாதம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “வீட்டுக்காரர் எப்ப வருவாரு?” பேருந்து நிறுத்தத்தில், மளிகைக் கடையில், காஸ் சிலிண்டர் தூக்கிவந்தவரிடமிருந்து. வர மாட்டார் என்று சொன்னதும் இரண்டாவது கேள்வி வரும்: “தனியாவா?” நகரத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். ஒரே ஒரு கடை உள்ள ஊரில் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் கிடையாது.

குறிஞ்சித்திணையை நான் நடத்தியது புத்தகத்தை வைத்து. தேன், தினை, சுனை, இரவில் வழி தேடி வரும் தலைவன். இங்கே வந்துதான் குறிஞ்சி என்றால் முதலில் சரிவு என்று தெரிந்தது. எந்தப் பொருளையும் ஒன்று ஏற்ற வேண்டும், இல்லை இறக்க வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் பெண்கள். தலையில் விறகு, இடுப்பில் குடம், முதுகில் கொழுந்துப் பை. சுனை பாட்டில் அழகாக இருக்கிறது. குடத்தில் அது பன்னிரண்டு, பதினைந்து கிலோ.

மேல்வீட்டுப் பாட்டிதான் எனக்கு மலையைச் சொல்லிக்கொடுத்தார். மார்கழியிலும் தையிலும் உறைபனி விழும் இரவுகளில் எந்தச் செடியை மூட வேண்டும், பழத்தோலை வாசலில் போட்டால் கரடி எப்படி மோப்பம் பிடித்து வரும், காட்டெருமை எதிரே நின்றால் ஓடாமல் எப்படிப் பின்வாங்க வேண்டும், எல்லாம். பாட்டி இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. ஒருநாள் “உங்க ஊர்லயே மூத்தவங்க நீங்கதானே பாட்டி?” என்று கேட்டேன். “எங்க ஊரு அதா, அங்க இருக்குது கண்ணு” என்று எதிர்மலையில் ஒரு ஹட்டியைக் காட்டினார். ஐம்பது வருடம் இந்த மண்ணில் உழைத்தவருக்கும் ஊர் என்பது எதிர்மலைதான்.

அதன் பிறகுதான் கவனித்தேன். இந்த ஊரில் உள்ள மணமான பெண்களில் முக்கால்வாசிப் பேர் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். நான் மட்டும் புதியவள் இல்லை. புகுந்த வீடு என்கிறோம். புகுதல் என்ற சொல்லில் அனுமதி கேட்டு உள்ளே நுழைவது இருக்கிறது. ஆண்கள் பிறந்த இடத்திலேயே ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியேறிகள்.

என் நிலத்துக்கு மேற்கே, சரிவில், இருபது வீடுகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களை ஊர் ‘சிலோன்காரங்க’ என்று சொல்லும். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. மீதமிருந்தவர்களுக்கு இன்னொரு ஒப்பந்தம் 1974இல் வந்தது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதைச் சுற்றித் தனியார் தோட்டங்களிலும் பலர் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அந்த இருபது வீடுகளில் ஒன்றில் இருக்கும் அக்கா, எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, இந்த மலைக்கு வந்தவர். “அக்கரையில எங்கள இந்தியாக்காரங்கன்னாங்க டீச்சர். இங்க வந்தா சிலோன்காரங்கன்னாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இருக்கும் வீடு தோட்டத்து லைன் வீடு. “வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வேலை முடிஞ்சா வீடும் முடிஞ்சிது.” அதைக் கேட்டபோது என் கல்யாணம் நினைவுக்கு வந்தது. பதினோரு வருடம் நான் கூட்டித் துடைத்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வெளியே வந்தேன். புகுந்த வீடும் ஒரு லைன் வீடுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் எனக்கு ஒரு திருப்தியும் வந்தது, நாங்கள் இருவரும் ஒரே பக்கம் என்று. அந்தத் திருப்தி எவ்வளவு மலிவானது என்பது பிறகு தெரிந்தது. ஏனென்றால் இந்தப் பேச்சு நடப்பதற்கு வெகுநாள் முன்பே, அந்த அக்காவின் வழியை நான் அடைத்துவிட்டிருந்தேன்.

*

இட அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலே தார்ச்சாலை. சாலையிலிருந்து பக்கத்துக்காரரின் தேயிலைத் தோட்டத்துக்குள் இருநூறு படி இறங்கினால் என் வீடு. என் வீட்டுக்குக் கீழே நிலம் சரிந்து ஒரு சோலையின் ஓரத்தில் முடிகிறது. என் எல்லைக்கு வெளியே, சோலை ஓரத்தில், ஓர் ஊற்று. மாசி, பங்குனி, சித்திரையில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மேற்குச் சரிவின் பெண்கள் அந்த ஊற்றுக்குத்தான் வருவார்கள். வருகிற வழி என் நிலத்துக்குக் குறுக்கே, சமையலறை ஜன்னலை ஒட்டி, ஒற்றையடிப் பாதையாக.

முதல் கோடையில் அவர்கள் ஐந்தரை மணிக்கே வந்தார்கள். குடங்கள் மோதும் சத்தம், பேச்சு, சிரிப்பு, இருமல். நான் எழுதுவது அந்த நேரத்தில். ஜன்னல் வழியே உள்ளே பார்ப்பார்கள். “டீச்சர் எந்திரிச்சாச்சா?” “இன்னிக்கு என்ன சமையல்?” “அம்மா வந்து இருக்கக் கூடாதா உங்களோட?” கேள்விகளில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் நான் ஒவ்வொரு நாளும் யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து வந்தவள். எங்கே போனாய், ஏன் நேரமாயிற்று, யார் போனில். அந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்கத்தான் இந்த வீடு.

ஐப்பசியில் ஓர் இரவு, குடித்திருந்த ஒருவன் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான். கதவைத் தட்டவில்லை, ஏதோ புலம்பிக்கொண்டே இருந்துவிட்டு விடியும் முன் போய்விட்டான். அன்றிரவு முழுவதும் நான் அரிவாள்மணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம், வீடு வாங்கித்தந்த தரகரிடம் சொன்னபோது அவர் சொன்ன தீர்வு வேறு பக்கம் போனது. “முதல்ல வேலி போடுங்க மேடம். பொம்பளைங்க நடந்து நடந்து அது பாதைன்னு ஆயிடும். அப்புறம் நீங்களே நினைச்சாலும் அடைக்க முடியாது.” 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தைத்தான் அவர் சொல்கிறார் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு வழியை இருபது ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையோடு, வெளிப்படையாகப் பயன்படுத்தினால் அது பாத்தியமாகிவிடும்.

தை மாதம் கம்பி வேலி போட்டேன். பாதை நுழையும் இடத்தில் இரும்புக் கதவு வைத்துப் பூட்டினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோடையில் விடிகாலை அமைதியாக இருந்தது. நிறைய எழுதினேன். அந்த மாதங்களில் எழுதிய கவிதைகளில் மௌனத்தைப் பற்றியவை அதிகம்.

பெண்கள் சாலைக்கு ஏறி, சாலையில் நடந்து, சோலை ஓரமாக இறங்கி ஊற்றுக்குப் போனார்கள். அரை கிலோமீட்டர் கூடுதல். இரண்டாண்டு அப்படியே போனது. மூன்றாவது கோடையின் சித்திரையில், இரண்டு மழை விழுந்து கொழுந்து துளிர்த்திருந்த நேரம், ஆனால் குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மேற்குச் சரிவின் அக்கா விடியும் முன் குடத்தோடு சோலை ஓரம் திரும்பியபோது எதிரே காட்டெருமை நின்றது. அது அவரைத் தொடவில்லை. பின்வாங்கும்போது கால் வழுக்கிக் கை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கொழுந்து நிறைய வரும் ஆறு வாரம்.

எனக்கு இது தெரிந்தது பத்து நாள் கழித்து, பாட்டி சொல்லி. அன்று சாயங்காலம் ஒரு பை பழத்தோடு போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அக்கா என்னை எதுவும் சொல்ல விடவில்லை. “நீங்க என்ன செய்வீங்க டீச்சர். உங்க எடம். தனியா இருக்கீங்க, பயம் இருக்கும்தானே” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபப்பட வேண்டுமென்றால் எதிராளியிடம் ஏதாவது எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் என்னிடம் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. மூன்று வருடம் அதே மலையில் இருந்து நான் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அதுதான்.

*

அன்றிரவு பத்திரத்தை எடுத்துப் படித்தேன். வழியை அடைக்க எனக்கு உரிமை இருந்தது என்று காகிதத்திலிருந்து ஓர் ஆறுதல் தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு எல்லைகள், சர்வே எண், மரம் மட்டைகள். கடைசியில், கையெழுத்துப் போட்ட நாளில் நான் ஒரு வினாடியும் நிற்காமல் தாண்டிப்போன சொற்கள்: மேற்படி சொத்துக்குப் போகவர உள்ள மாமூல் வழிநடைப் பாத்தியம் உட்பட.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். கல்வெட்டுகளில் நில தானங்களின் எல்லை வர்ணனைகளை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். என் சொந்தப் பத்திரத்தின் கடைசி வரியைப் படிக்கவில்லை. என் வீட்டுக்குச் சாலையிலிருந்து வழி கிடையாது. மூன்று ஆண்டுகளாக நான் தினமும் இறங்கி ஏறும் அந்த இருநூறு படியும் பக்கத்துக்காரரின் தேயிலைத் தோட்டம். அவர் நிலத்தில் நடந்து வந்துதான் நான் என் நிலத்தில் பூட்டுப் போட்டேன்.

மறுநாள் அவரிடமே கேட்டேன். “நான் உங்க தோட்டத்துல நடக்கிறதப் பத்தி நீங்க ஒண்ணும் சொன்னதில்லையே ஐயா?” அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “அந்த வீட்டுக்குப் போறவங்க அப்படித்தானே போகணும், டீச்சரம்மா? வீட்ட வித்தா வழியையும் சேர்த்துத்தான் விக்கணும். வழி இல்லாம வீடு ஏது?” என்றார். அவருடைய தோட்டத்துப் பாதையில் கதவு இல்லை. குடித்தவன் அன்றிரவு வந்ததும் அந்தப் பாதையில்தான். என் வேலி அவனை ஒருநாளும் தடுத்திருக்காது. மூன்று கோடைகளில் அது தடுத்தது குடம் தூக்கிய பெண்களை மட்டும்.

இந்த மலையில் வீடு கட்டிக்கொள்ளும் ஆசைக்கு இருநூறு வயது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்து கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அந்த வீடு இப்போது நினைவகமாக இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அவருக்குப் பின்னால் வந்தவர்களின் வரிசை நீளமானது. காப்பி போட வந்தவர்கள், தேயிலை போட வந்தவர்கள், ஓய்வெடுக்க வந்தவர்கள், விடுதி நடத்த வந்தவர்கள். அமைதியைத் தேடி வந்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வரிசையில் எனக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நான் பெண், தனியாள், கடன் வாங்கி வந்தவள், இருபது சென்ட்காரி என்று. வரிசை இதையெல்லாம் கேட்டுச் சேர்த்துக்கொள்வதில்லை. வேலி போட்டவுடன் சேர்த்துக்கொண்டது.

*

அப்படியானால் பூட்டு தவறா? இந்தக் கேள்வியை அவசரமாகத் தீர்த்துவிட எனக்கு மனமில்லை. பெண்களிடம் “கதவைத் திறந்து வை, எல்லோரையும் அணைத்துக்கொள், உன் வீடு ஊருக்கெல்லாம் வீடு” என்று சொல்வதில் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. விருந்தோம்பலின் பெயரால் நம் பாட்டிகள் தங்கள் தட்டில் சோறு மிஞ்சுமா என்று தெரியாமலேயே பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தனிமை கேட்கும் பெண்ணைச் சுயநலக்காரி என்று சொல்லும் குரலுக்கு இந்தக் கட்டுரை உதவிவிடக் கூடாது. படுக்கையறைக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் வளரும் பெண்கள் என் வகுப்பில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இன்றும் பூட்டையே சொல்வேன்.

ஆனால் பூட்டோடு சேர்த்து ஒரு கேள்வியையும் சொல்வேன்: உன்மேல் அதிகாரம் உள்ளவரை இது தடுக்கிறதா, அதிகாரம் இல்லாதவரையா? நமக்கு அடி விழுந்தது மேலே இருந்து. நாம் கற்றுக்கொண்ட தற்காப்பைப் பயன்படுத்துவது, பல நேரம், பக்கவாட்டிலும் கீழேயும். கணவனிடம் சொல்ல முடியாத ‘முடியாது’ என்ற சொல்லை வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் கதவும் அப்படிப்பட்ட ஒரு ‘முடியாது’. என் கல்யாணத்தில் சொல்லியிருக்க வேண்டியது. காலம் தாழ்த்தி, ஆள் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

கேள்விகளையும் நான் இப்படித்தான் குழப்பிக்கொண்டேன். “எங்கே போனாய்?” என்று அந்த வீட்டில் கேட்டதும், “டீச்சர் எந்திரிச்சாச்சா?” என்று ஜன்னலில் கேட்டதும் என் காதில் ஒரே குரலாக விழுந்தன. முதலாவது கணக்குக் கேட்பது. பதில் தவறினால் அதற்கு விலை உண்டு. இரண்டாவதற்கு நான் பதில் சொல்லாமலே இருந்திருக்கலாம். என்னை ஒன்றும் செய்திருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான் சொல்லிப் பார்க்கவே இல்லை. நேராக வேலிக்குப் போய்விட்டேன். ஒரு வாக்கியம் போதுமான இடத்தில் கம்பியைக் கட்டியவள், வாக்கியங்களை வைத்துப் பிழைப்பவள்.

*

அடுத்த வாரம் இரும்புக் கதவின் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளுங்கள் என்றேன். என் பெருந்தன்மையில் நானே கொஞ்சம் நனைந்திருந்தேன். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை.

“சாவி வேணாம் டீச்சர். எங்கிட்ட இருந்தா, யாரு வந்தாலும் போனாலும் நான்தான் பதில் சொல்லணும். நாளைக்கு உங்க வீட்ல ஒரு சாமான் காணோம்னா சாவி வச்சிருந்தது யாருன்னு கேப்பாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “குடுக்கறதுன்னா கதவ எடுத்துருங்க.”

என் அம்மாவின் இடுப்பில் தொங்கிய பீரோ சாவியை நான் அவருக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். கதவை எடுத்துவிட்டேன். வேலியில் நான்கடி இடைவெளி. அந்த வாரமே குடங்கள் வந்தன. வாசலில் ஒரு பை மேராக்காய் இருந்தது, யார் வைத்தது என்று தெரியாது. அதைப் பார்த்ததும் சந்தோஷத்துக்குப் பதில் கூச்சம்தான் வந்தது. நான் அடைத்ததைத் திறந்ததற்கு அவர்கள் நன்றி சொல்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை, என் பத்திரத்தில் பாத்தியம் இருக்கிறது. அவர்களுக்கு இருப்பது என் தயவு. நாளை நான் விற்றால், வாங்குபவர் முதல் வேலையாகக் கதவை வைப்பார்.

ஆகவே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஓர் ஆவண எழுத்தரிடம் போனேன். வழிநடைப் பாத்தியம் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்: “யாருக்கு? அவங்க சர்வே எண், பட்டா எண் சொல்லுங்க.” அப்போதுதான் உறைத்தது. சட்டத்தில் வழிநடைப் பாத்தியம் என்பது நிலத்தோடு ஒட்டியது. ஒரு நிலத்தை அனுபவிக்க இன்னொரு நிலத்தின் மேல் உள்ள உரிமை. லைன் வீட்டில் இருக்கும் பெண்ணின் பெயரில் நிலம் இல்லை. நிலம் உள்ளவர்களின் நடை காலப்போக்கில் உரிமையாகிறது. நிலமில்லாதவர்களின் நடை எத்தனை தலைமுறையானாலும் பழக்கமாகவே நின்றுவிடுகிறது. பெண்களுக்குச் சொத்து வேண்டும் என்று 1929இல் கேட்டவர்கள் இதைத் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள். சொத்து உள்ளவருக்கு வீடு மட்டும் அல்ல, வழியும் சேர்ந்து கிடைக்கிறது. இல்லாதவருக்கு நடப்பதற்கும் பிறர் மனம் வேண்டும்.

ஆவண எழுத்தர் வேறு வழி சொன்னார். பாதையாக இருக்கும் நான்கடி அகலத் துண்டை அளந்து, பொதுப் பாதையாக ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம். “ஆனா யோசிச்சுக்கோங்க மேடம். நடுவுல பாதை போற எடத்துக்கு விலை பாதியாயிடும்.” வங்கிக் கடன் முடியவும் வேண்டும். வரைவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது இன்னும் என் மேசையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எல்லாம் முடிந்த பிறகு எழுதியிருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். கடன் முடிய இன்னும் ஒன்றரை வருடம் என்பது ஒரு காரணம், உண்மையான காரணம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் என் பெயரில் இருக்கும் ஒரே பொருள் இந்த இருபது சென்ட். நான்கடியைக் கொடுத்தால் அது இருபது சென்ட் இல்லை. ஒவ்வொரு முறை வரைவை எடுக்கும்போதும் அம்மாவின் இடுப்பில் தொங்கிய சாவிச் சத்தம் கேட்கிறது. வெகுகாலம் எதுவும் இல்லாதிருந்தவளின் பிடி இறுக்கமானது. அந்தப் பிடிக்கு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கான விலையை ஒரு மணிக்கட்டு கொடுத்தது என்பதும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்காமல் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்று மட்டும் செய்தேன். தானப் பத்திரம் பற்றி அக்காவிடம் சொல்லிவிட்டேன். கடன் முடிந்ததும் பதிந்து தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

போன மாதம் காலையில் எழுதிக்கொண்டிருந்தேன். குடங்கள் போகும் சத்தம். ஒருத்தி மற்றவளை “டீச்சர் எழுதறாங்க, மெதுவா” என்று அடக்கினாள். பின்னால் வந்த அக்கா ஜன்னலில் நின்றார். கை சேர்ந்துவிட்டது, குடம் மட்டும் இப்போது இடது இடுப்பில்.

“டீச்சர், அந்தப் பேப்பர் என்னாச்சு?”

நான்கு வருடத்தில் அவர் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனேன். பதில் சொல்ல வேண்டியிருந்தது.